சண்டைக் காட்சியில் பேசிக்கொண்டது

கலைச்செல்வி, உன் கடிதத்தைப் படித்துவிட்டு நானும் உன் பெரியம்மாவும் சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கி நெருப்பே அணைந்துவிட்டது. நீ சிரிப்பதற்காக எழுதவில்லை என்று தெரியும். கோபம் வந்தால் உன் எழுத்து வலது பக்கம் சாயும். இந்தக் கடிதத்தில் படுத்தே விட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் நம்மூரில் எடுத்த படத்தைப் போடுகிறார்கள் என்றதும், காஞ்சிபுரம் விடுதியில் இருக்கிற பெண்களை எல்லாம் கூட்டி வந்து உட்கார வைத்து, கைக்குழந்தையாக வருவது நான்தான் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். பாதிப் படத்திலேயே அந்தக் குழந்தை பசியால் செத்துப் போய்விட்டது. அழுதுகொண்டிருந்த தோழிகள் எல்லாரும் திரும்பி உன்னைப் பார்த்தார்களாம். விடுதி வார்டன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, நீ நன்றாகத்தானே சாப்பிடுகிறாய் என்று கேட்டாராம். அதற்குப் பிறகு, தூரத்திலிருந்தும் உடல்வாகிலேயே அடையாளம் தெரிகிற அப்பாவும் பெரியப்பாவும் வயலில் நின்று ஒருவரை ஒருவர் வெட்டிப் போடுவது போலக் கத்துகிறார்கள். கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண்ணுக்கு இதெல்லாம் தேவையா, நாம் நிஜமாகவே இப்படிப் பட்டினி கிடந்தோமா, இவர்கள் இரண்டு பேரும் இப்படித்தான் அடித்துக்கொண்டார்களா என்று கேட்டிருக்கிறாய்.

இத்தனை வருஷம் இதை உனக்கு முழுசாகச் சொல்லவில்லை என்பது உண்மை. நீ படத்தில் நடித்தாய் என்று சொல்லிச் சொல்லிச் சோறு ஊட்டினோமே தவிர, என்ன படம், அதில் என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். கடிதம் நீளமாகத்தான் போகும். கல்யாணத்துக்குப் பிறகு இவ்வளவு நீளமாக எழுதினால் உன் மாமியார் வீட்டில் என்னவோ ஏதோ என்று பயந்துவிடுவார்கள். அதனால் இப்போதே எழுதிவிடுவது நல்லது.

உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பாவும் பெரியப்பாவும் ஒரே கட்டுப் பீடியை மாற்றி மாற்றிக் குடிப்பதைத்தான் பார்த்திருக்கிறாய். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நாலு வருஷம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. காரணத்தைக் கேட்டால் நீ சிரிப்பாய், ஆனால் அப்போது யாரும் சிரிக்கவில்லை. மாடு கட்டிக் கவலை இறைக்கிற கிணறு ஒன்றுதான் இருவருக்கும். ஒருநாள் அவர் முறை, மறுநாள் எங்கள் முறை. எங்கள் முறை நாள் ஒன்றில் உங்கப்பாவுக்கு திடீரென்று என்மேல் பிரியம் வந்து, வாலாஜாபாத் டெண்டுக் கொட்டகையில் மாலை ஆட்டம் பார்க்கலாம் என்று பொழுது இருக்கும்போதே மாட்டை அவிழ்த்துவிட்டு என்னைப் பஸ் ஏற்றிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. மழை பொய்த்த வருஷம் அது, கிணற்றில் ஊறுவதே கொஞ்சம். சும்மா கிடக்கிற தண்ணீர்தானே என்று பெரியப்பா தன் மாட்டைக் கட்டி, மிச்சத்தைத் தன் கழனிக்கு இறைத்துக்கொண்டார். நாங்கள் படத்தில் வந்த பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்து பார்த்தால், கிணற்றில் சேறு. அவர் கேழ்வரகு பச்சையாக நின்றது, எங்கள் வேர்க்கடலை வாடிவிட்டது. விடிந்ததும் பேச்சு தடித்தது. தண்ணீரில் தொடங்கி, சின்ன வயதில் யார் யாரைக் குளத்தில் தள்ளினார்கள் என்பது வரைக்கும் போனது.

பெரியவர்கள் வந்து வீட்டைப் பிரித்துக்கொடுத்தார்கள். நடுக்கூடத்தில் கயிறு பிடித்து மண்சுவர் எழுப்பினார்கள். வாசற்படி பெரியப்பா பக்கம் போய்விட்டதால் உங்கப்பா ஜன்னலை இடித்து வாசல் ஆக்கினார். கிணற்றைப் பிரிக்க முடியாது என்பதால் முறை மட்டும் தொடர்ந்தது. முறையைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் மாட்டிடம் பேசுவார்கள். நாளைக்கு எங்களுக்கு வெளியூரில் வேலை இருக்கிறது, வேண்டுமானால் அந்த வீட்டுக்காரர் இறைத்துக்கொள்ளட்டும் என்று உங்கப்பா எருதின் காதில் சத்தமாகச் சொல்வார். பெரியப்பா தன் செவலைப் பசுவைத் தடவிக்கொண்டே, எங்களுக்கு யார் தயவும் வேண்டாம் என்று அதனிடம் சொல்வார். ஊரில் நடக்கிற எல்லா விஷயமும் தெரிந்த மாடுகள் நம்முடையவைதான்.

நீ பிறந்து தவழக்கூட ஆரம்பிக்காத சமயத்தில்தான் அந்த டைரக்டர் வந்தார். தாடி, தோளில் துணிப்பை, வெயிலில் சிவந்துபோன மூக்கு. புனாவில் சினிமா படித்தவராம். ஸ்ரீபெரும்புதூரில் தங்கிக்கொண்டு ஒரகடம், வடக்குப்பட்டு என்று ஒவ்வோர் ஊராக ஜீப்பில் சுற்றி, ஒரு வீடு தேடிக்கொண்டிருந்தார். கதை இதுதான். வறட்சி, வறுமை, அண்ணன் தம்பி இருவர் பிரிந்துபோகிறார்கள், நடுவில் ஒரு சுவர், குழந்தை ஒன்று பசியால் சாகிறது. எங்கள் கூடத்துக்குள் வந்து அந்தச் சுவரைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. கையால் தடவிப் பார்த்தார். நிஜச் சுவர், நிஜச் சுவர் என்று கூட வந்தவரிடம் சொன்னார். எங்கள் வீட்டுச் சண்டைக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்தது அன்றைக்குத்தான்.

இந்தப் பக்கம் சம்மதம் கேட்டபோது உங்கப்பா, அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். அவர்கள் மாட்டேன் என்கிறார்கள் என்றதும், அப்படியானால் எனக்குச் சம்மதம் என்றார். அதைக் கேட்ட பெரியப்பா, தம்பி வீடு மட்டும் சினிமாவில் வந்து தன் வீடு வராமல் போய்விடுமோ என்று அவரும் சம்மதித்தார். பிறகுதான் சிக்கல். கேமராவைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால், பின்னால் தள்ளி வைக்க இடமில்லை. சுவரைப் படம் எடுக்க வேண்டுமானால் சுவரில் பாதியை இடித்தாக வேண்டும் என்றார்கள். படம் முடிந்ததும் நாங்களே கட்டிக்கொடுத்துவிடுவோம் என்று டைரக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணன் தம்பி இருவரும் எதிரெதிர்ப் பக்கம் நின்று தங்கள் மாடுகளிடம் யோசனை கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டார்கள். சுவரில் பாதி போனது. மிச்சம் இருந்த பாதியைத்தான் நீ டிவியில் பார்த்து அழுதாய்.

சினிமா என்றதும் ஊரே தலைவாரிக் கிளம்பியது. பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்கள் கஞ்சிக்கு வரிசையில் நிற்கிற காட்சிக்கு ஆட்கள் வேண்டும் என்றார்கள். எல்லாரும் தீபாவளிப் புடவை கட்டி, கனகாம்பரம் வைத்து, பவுடர் பூசி வந்து நின்றோம். டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் போய் முகம் கழுவிப் பழசாக எதையாவது கட்டிக்கொண்டு வரும்படி கெஞ்சினார். ஒருத்தியும் நகரவில்லை. உன் பெரியம்மாதான் முன்னால் போய்க் கேட்டாள்: "இல்லாதவங்கன்னா பவுடர் போடக் கூடாதா? எந்தச் சட்டத்துல கீது?" நானும் என் முகூர்த்தப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து, கதாநாயகிக்கு வேண்டுமானால் தருகிறேன் என்று நீட்டினேன். மெட்ராஸிலிருந்து வந்திருந்த அந்த நடிகை நல்ல பெண், பாவம். அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு அடுப்புத் துடைக்கிற துணியைத்தான் கேட்கிறார்கள் என்றாள். என் வீட்டுக் கந்தலைக் கட்டிக்கொண்டு அவள் ஊரெல்லாம் நடந்தபோது எனக்குத்தான் மானம் போனது.

வறட்சியை எடுக்க வந்தவர்களுக்கு அடுத்த சோதனை மழை. மூன்று வருஷமாக எட்டிப் பார்க்காத மழை, கேமராவைப் பிரித்து வைத்த மறுநாள் பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பியது. டைரக்டர் வந்த ராசி என்று ஊர்க்காரர்கள் மேளத்தோடு போய் அவருக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார்கள். கழுத்தில் சாமந்தி மாலையோடு, ததும்புகிற ஏரிக்கரையில் நின்று அந்த மனிதர் கண்ணீர் விட்டதை ஊர் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டது. கடைசியில் வெடித்த நிலம் தேடி, ஒரகடம் பக்கத்துச் செம்மண் மேட்டுக்குப் போய், ஈரம் காய்வதற்காக வைக்கோலைக் கொளுத்தி, அதன்மேல் நடந்து எடுத்தார்கள். படத்தில் கதாநாயகி வானத்தை ஏக்கமாகப் பார்ப்பாளே, இன்னும் மழை வருமோ என்று பயந்து பார்த்த பார்வை அது.

பட்டினி கிடந்தோமா என்று கேட்டாய். கிடந்திருக்கிறோம். மழை பொய்த்த வருஷங்களில் ஒருவேளைக் கூழை இரண்டு வேளைக்குக் கரைத்திருக்கிறோம். உன்னை வயிற்றில் வைத்திருந்தபோது, கீரையைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாத மாதங்கள் உண்டு. அதை மறைக்க எனக்கு வெட்கமில்லை, நீயும் வெட்கப்படாதே. ஆனால் அந்தப் படத்தில் ஒன்று மட்டும் எனக்குப் புரியவே இல்லை. அதில் ஏழைகள் யாரும் பேசுவதில்லை. கதவைப் பார்க்கிறார்கள், பானையைப் பார்க்கிறார்கள், வெகுநேரம் ஆன பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். நம் வீட்டில் ஒருவேளைக் கஞ்சிக்கு மூன்று வேளைப் பேச்சு. பசி நேரத்தில் உங்கப்பா பேசின பேச்சை எல்லாம் படம் எடுத்திருந்தால் பிலிம் போதாது.

இனி, நீ செத்துப்போன கதை. முதலில் வேறொரு குழந்தையைத்தான் பேசி வைத்திருந்தார்கள். அதன் அம்மாவுக்குக் கதை தெரிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போய்விட்டாள். அவசரத்தில் உன்னைக் கேட்டார்கள். எனக்கு அவர்கள் சாவு என்று சொல்லவில்லை, குழந்தை தூங்க வேண்டும் என்றார்கள். நீயோ தாய்ப்பாலில் ஊறிப் பணியாரம் மாதிரி இருந்தாய். பசியில் வாடுகிற குழந்தைக்கு இரண்டு கன்னம் இவ்வளவு பெரிதாக இருந்தால் எப்படி என்று டைரக்டர் உன்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். துணியால் கழுத்துவரை சுற்றி, கன்னத்தையும் மூடி, மூக்கை மட்டும் காட்டிச் சில காட்சிகள் எடுத்தார்கள். நடிகை உன்னை மடியில் போட்டு ஏங்கி அழுவாள், நீ அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுப்பாய். கேமரா ஓடுகிற சத்தம் கேட்டாலே பொக்கை வாயைத் திறந்து சிரிப்பாய்.

அப்போதெல்லாம் உன் பெரியம்மா இடிந்த சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும். நீ பிறந்ததிலிருந்து அவள் உன்னைத் தொட்டதில்லை. சுவருக்கு அப்பால் உன் அழுகைச் சத்தத்தைக் கேட்டதோடு சரி. ராத்திரி நீ அழுது ஓய்ந்தால் அந்தப் பக்கம் பாய் புரளுகிற சத்தம் எனக்குக் கேட்கும். சாவுக் காட்சி எடுக்கிற அன்று உனக்கு வயிறு முட்டப் பால் கொடுத்துத் தூங்க வைத்திருந்தேன். நடிகை உன்னைக் கையில் ஏந்திக்கொண்டு, செத்துப் போயிட்டியே என்று ஒத்திகைக்காக ஒரு தடவை சொன்னாள். அவ்வளவுதான். பெரியம்மா அந்த ஓட்டையைத் தாண்டி விறுவிறுவென்று வந்தாள், உன்னைப் பிடுங்கித் தோளில் சாத்திக்கொண்டாள். 

"பச்சப் புள்ளயப் பாத்து இன்னா பேச்சு பேசறீங்கோ? இத உங்க படத்துக்குக் குடுக்க முடியாது."

குழந்தையின் அம்மா சம்மதித்திருக்கிறாளே என்று டைரக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அக்கா சொன்னால் சொன்னதுதான் என்றேன். நாலு வருஷத்தில் அவளை அக்கா என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உன்னைத் தூக்கிக்கொண்டு தன் அடுப்படிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வரைக்கும் திருப்பித் தரவில்லை. பால் கொடுக்க நான்தான் அந்தப் பக்கம் போனேன். சரி, படத்தில் பாயில் கிடந்தது யார் என்று கேட்பாய். பெரியம்மா வீட்டுக் கூரையில் காய்த்த சுரைக்காய். நல்ல நீளம், நல்ல கனம். அதைத்தான் துணியில் சுற்றிக் கிடத்தி, அந்தப் பெண் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். உன் தோழிகளிடம் சொல், அவர்கள் கண்ணீர் விட்டது ஒரு சுரைக்காய்க்கு. காட்சி முடிந்ததும் பெரியம்மா அதை வாங்கிக் கடலைப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தாள். படக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நடிகை மட்டும் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அடுத்தது சண்டை. அண்ணனாக நடித்தவர் மழைச் சேற்றில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டுவிட்டார். வயலின் நடுவே அண்ணன் தம்பி மோதுகிற காட்சியைத் தூரத்திலிருந்துதான் எடுக்கப்போகிறோம், முகம் தெரியாது, உயரமும் சரியாக இருக்கிறது, நிஜ அண்ணன் தம்பியே நின்றுவிடுங்கள் என்று டைரக்டர் கேட்டார். நடிகைக்குக் காய்ச்சல் என்பதால் நடுவில் புகுந்து விலக்கிவிடுகிற மனைவியாக நான் நின்றேன். அதனால்தான் அவர்கள் பேசியது முழுக்க எனக்குத் தெரியும். கையை ஓங்குங்கள், ஆவேசமாகப் பேசுங்கள், வாயில் வருவதைப் பேசினால் போதும், குரலை மெட்ராஸில் போய்ச் சேர்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு அவர் வரப்புகளைத் தாண்டிப் போய்விட்டார். நாங்கள் மூன்று பேர் மட்டும் வயலில் நின்றோம். தூரத்தில் ஒரு வெள்ளைத் துணியை அசைத்தார்கள். இருவரும் கையை ஓங்கிவிட்டார்கள், பேச்சுதான் வரவில்லை. ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டுகிறார், இன்னொருவர் மீசையைத் துடைக்கிறார். கடைசியில் உங்கப்பா விரலை நீட்டிக் கோபமாக ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"செவலப் பசு கன்னு போட்டுச்சாமே?"

பெரியப்பா இரண்டு முஷ்டியையும் தலைக்குமேல் தூக்கினார். "காளக் கன்னு. நஞ்சுக்கொடி விழறதுக்குள்ள எனக்கு உசுரு போய்ட்சி."

"என்னக் கூப்புடக் கூடாதா?"

"எப்பிடிடா கூப்புடுவேன்? மாட்டுகிட்டதான சொல்லி அனுப்பணும். அதுவே படுத்துகினு கீது."

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். படத்தில் பார்த்திருப்பாய், தூரத்தில் ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க நிற்பாள். அந்தச் சோகத்தை யாரோ பத்திரிகையில் புகழ்ந்து எழுதியிருந்தார்களாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவ்வளவுதான். அவர்கள் கை ஓங்கியது ஓங்கியபடி இருக்க, பெரியப்பாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது, தைலம் எங்கே வாங்குகிறார், மோட்டாருக்கு மனு கொடுத்தால் கரண்டு எப்போது வரும் என்று எல்லாம் பேசி முடித்தார்கள். துணி மறுபடி அசைந்து நிறுத்தச் சொன்னபோது இருவருக்கும் நிறுத்த மனசில்லை. இன்னொரு தடவை எடுக்கலாமா என்று டைரக்டர் கத்திக் கேட்டதும், எடுக்கலாம் எடுக்கலாம் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மூன்றாவது தடவை எடுத்தபோது பேச்சு எப்படியோ அந்தக் கிணற்றுத் தண்ணீருக்கு வந்துவிட்டது. பெரியப்பா ஓங்கிய கையைத் தானாகவே இறக்கிவிட்டார்.

"அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருந்தா உன் கழனிக்கே எறச்சு உட்டிருப்பேன்டா."

"சொன்னா போவாதன்னு சொல்லியிருப்ப."

"ஆமா, சொல்லியிருப்பேன். அப்பறம் நானும் கூட வந்திருப்பேன். எனக்கும் அந்தப் படம் பாக்கணும்னு இருந்துச்சி."

அப்போது உங்கப்பாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல உனக்கு நாலு வருஷமா என்று கேட்டு, அண்ணனைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினார். பெரியப்பா விழும்போது இவர் வேட்டியையும் சேர்த்து இழுத்தார். இரண்டு பேரும் சேற்றில் உருண்டார்கள். ஒருவர் அழுகிறார், ஒருவர் அடிக்கிறார், யார் எது செய்கிறார்கள் என்று தெரியவில்லை. நான் நிஜமாகவே விலக்கப் போய் நானும் விழுந்தேன். டைரக்டர் ஓடி வந்தார். வந்தவர் சலித்துக்கொண்டு சொன்னது என்ன தெரியுமா? இப்படி மிகையாக நடிக்காதீர்கள், நம்பும்படியாக இல்லை, முதல் தடவை செய்தீர்களே, அதுதான் இயல்பாக இருந்தது என்றார். நீ பார்த்தது அந்த முதல் தடவை எடுத்ததுதான். நீ எமன்டா, உன் பிள்ளையை நீயே தின்றாய் என்றெல்லாம் மெட்ராஸில் யாரோ பேசிச் சேர்த்திருக்கிறார்கள். அப்போது அவர்கள் வாயில் இருந்தது செவலைப் பசுவின் கன்று.

படப்பிடிப்பு முடிந்து வேன்கள் போனபோது சுவரைக் கட்டிக்கொடுக்க மறந்துவிட்டார்கள். கொஞ்ச நாள் அது பாதிச் சுவராகவே நின்றது. தான் முதலில் மண் குழைத்தால் இன்னொருவர் என்ன நினைப்பாரோ என்று இருவரும் சும்மா இருந்தார்கள். அடுத்த மழையில் அது கரைந்து, கூடத்தில் ஒரு மேடு ஆகி, உன் காலால் மிதிபட்டு மிதிபட்டுத் தரையோடு தரையானது. அதற்காக இரண்டு பேரும் அன்றிலிருந்து சண்டையே போடவில்லை என்று நினைக்காதே. இன்றைக்குக் காலையில்கூட உன் கல்யாணப் பந்தியில் வடையா போண்டாவா என்று நாயனக்காரர் முன்னால் கத்திக்கொண்டார்கள். நேராகக் கத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதும்.

நீயும் அந்த வீட்டில் சண்டை போடுவாய். போடு. உன் குணத்துக்குப் போடாமல் இருக்க முடியாது, அந்தப் பையனையும் பார்த்தேன், அவனுக்கும் மூக்குக்குமேல் கோபம் இருக்கிறது. ஆனால் நீங்கள் இரண்டு பேரும் எங்காவது கிளம்பினால், வீட்டில் இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. நீங்களும் வருகிறீர்களா என்று கேள். பெரும்பாலும் வரமாட்டார்கள். வந்தால் அழைத்துப் போ, ஒரு படம்தானே. பிரித்துக்கொடுக்க வந்த பெரியவர்கள் யாருக்கும் இது தெரியவில்லை. தண்ணீரை அளந்தார்கள், சுவரை அளந்தார்கள், அந்த மனிதருக்குப் படம் பார்க்க ஆசை இருந்ததை ஒருவரும் கேட்கவில்லை.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன், பதறாதே. உன் வருங்கால மாமியார் வாலாஜாபாத் பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினார். கையில் வாழைப்பழம், முகத்தில் தூக்கமில்லை. அவர்களும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். செத்த குழந்தை அவர்கள் வீட்டுக்கு வரப்போகிற பெண் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். முகூர்த்தத்துக்கு முன்னால் பெண்ணை அப்படிப் பார்த்தது நல்ல சகுனமில்லை, தள்ளிப்போடுவது நல்லது, முடிந்தால் விட்டுவிடுவது இன்னும் நல்லது என்று சொந்தக்காரர்கள் காதைக் கடித்திருக்கிறார்கள். அவர் சுற்றி வளைக்காமல் இதைச் சொல்லிவிட்டு, என் மனசு கேட்கவில்லை, உங்களிடமே கேட்டுவிடலாம் என்று வந்தேன் என்றார். நான் காபியைக் கொண்டுவந்து வைத்தேன். உங்கப்பா வெளியே போய் மாட்டைக் கட்டுகிற மாதிரி நின்றார். பெரியம்மாதான் எதிரில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னாள், சுரைக்காய்க் கூட்டுவரைக்கும் சொன்னாள். சம்பந்தி அம்மா காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"சொரக்காயா? எங்க வூட்டுக்காரரு அன்னிக்கு ராத்திரி சோறே துன்னல."

"படத்துக்குக் கேட்டாங்க, நான் குடுக்கல" என்றாள் பெரியம்மா. "நீங்க கேட்டீங்க, குடுக்கறோம். எனக்குத் தெரிஞ்ச சகுனம் அவ்ளோதான்."

அந்த அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். இன்னொரு காபி கிடைக்குமா என்று கேட்டார். முகூர்த்தம் குறித்த நாளில்தான், நேரம்கூட மாறவில்லை. உனக்கு நல்ல மாமியார் வாய்த்திருக்கிறார் கலை. மனசில் சந்தேகம் வந்ததும் வைத்துக்கொண்டு உட்காராமல் பஸ் ஏறி வந்து கேட்டாரே, அந்தக் குணம் எல்லாருக்கும் வராது.

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து நானும் உங்கப்பாவும் பேசி ஒரு முடிவு செய்திருக்கிறோம். அதைச் சொல்லத்தான் இவ்வளவையும் எழுதினேன். மணவறையில் உன்னைத் தாரை வார்த்துக் கொடுப்பது நாங்கள் இல்லை. பெரியப்பாவும் பெரியம்மாவும்தான் உட்கார வேண்டும். பிள்ளை பெறாதவள் எப்படித் தாரை வார்க்கலாம் என்று நாலு பேர் சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு பதில் சொல்ல நான் பக்கத்தில் நிற்பேன், நீ அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். பெற்றவளுக்கு அந்த இடத்தில் உட்கார ஆசை இருக்காதா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் நேற்று பெரியம்மா கொடுக்கிறோம் என்று சொன்னபோது முந்தானை நுனியை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். உன்னை நான் பெற்றேன். பிடித்துவைத்துக்கொண்டது அவள்.

அவளிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை. நான் கேட்டால், உன் பெண், உன் இடம் என்று ஒதுங்கிவிடுவாள். நீ கேட்க வேண்டும். லீவுக்கு வரும்போது பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக அவள் அடுப்படிக்குப் போ. நான் என் அடுப்படியில் இருப்பேன், நீங்கள் இரண்டு பேரும் கூப்பிடுகிறவரைக்கும் வரமாட்டேன்.

அம்மா